பதினொரு நிமிட நிறுத்தம்

ஜூன் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி நாலு நிமிடம். லிவியா குபியாக்கின் திரையில் ஓடிக்கொண்டிருந்த நூற்று நாற்பது பச்சைப் புள்ளிகளும் ஒரே நொடியில் சிவப்பாகி நின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ரோபோ. கீழே கிடங்கின் தரையில் அலமாரிகளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு போகும் தட்டையான இயந்திரங்கள். வேலை செய்பவர்கள் அவற்றை ஆமை என்பார்கள். 'தரையில் பொருள்' என்றது திரை. அலமாரியிலிருந்து ஏதோ விழுந்திருக்கிறது. ஓர் ஆள் உள்ளே போய் எடுக்க வேண்டும். ஆள் உள்ளே போனால் ஆமை ஒன்றுகூட அசையக் கூடாது என்பது விதி.

லிவியா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். இரும்புப் படிகள், பாதுகாப்புக் காலணி மாட்டும் இடம், பிறகு வேலியோரமாக நூறு மீட்டர். போய்ச் சேர நாலு நிமிடம் ஆயிற்று. வேலியை ஒட்டி எட்டு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்று, ஆமை கொண்டுவரும் அலமாரியிலிருந்து பொருளை எடுத்துப் பெட்டியில் போடுவார். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பன்னிரண்டு மீட்டர். அன்று ஏழு நிலையங்களில் ஆள் இல்லை. எட்டுப் பேரும் நாலாம் நிலையத்தில் கூடி நின்றார்கள். ஷிப்ட் பொறுப்பாளர் போஜெனாவும் அங்கேதான் இருந்தாள். அவர்களுக்கு நடுவில் ஒரு அட்டைப் பெட்டி. அதன்மேல் எதையோ வைத்து அவசரமாகத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

லிவியாவைக் கண்டதும் பேச்சு பட்டென்று நின்றது.

"வாங்க இன்ஜினியரம்மா," என்றாள் போஜெனா. "ஆமை படுத்துடுச்சு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

"எல்லாரும் ஏன் இங்க நிக்கிறீங்க?"

"வேற எங்க நிக்கறது? வேலை இல்லையே."

ஒருவர் இருமினார். ஒருத்தி தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிவியாவின் கண் துணிமேல் போயிற்று. இரண்டடி எடுத்து வைத்து அதைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். ஒன்பது ஜோடிக் கண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்குத் தைரியம் வரவில்லை. விழுந்ததை எடுப்பதற்கென்றே இருப்பவனும் அப்போது உள்ளே போயிருந்தவனுமான யெஷி, ஊர்வலம் போகிறவன் மாதிரி மெதுவாக நடந்து வந்து, விழுந்த பொருளைக் காட்டினான். காலுறைக் கட்டு ஒன்று.

"திரும்பவும் காலுறையா?"

"போன தடவை துண்டும்மா," என்றான் யெஷி. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

பத்து மணி பதினைந்து நிமிடத்துக்கு ஆமைகள் மறுபடி நகர்ந்தன. பதினொரு நிமிடம். எப்போதும் அதே பதினொன்று.

இதோடு ஐந்தாவது முறை. ஏப்ரல் இருபத்து மூன்றில் தொடங்கியது. பிறகு மே எட்டு, பதினைந்து, இருபத்திரண்டு. மூன்றும் வியாழக்கிழமை. லிவியா வியாழக்கிழமையைச் சந்தேகப்பட்டாள். அன்று வரும் லாரியில் ஏற்றும் விதம் சரியில்லையோ, அலமாரி சாய்கிறதோ என்று தோன்றியது. மே இருபத்தொன்பது வியாழனன்று காலை ஆறு மணியிலிருந்து கீழேயே காத்திருந்தாள். எதுவும் விழவில்லை. தான் காத்திருப்பதை யாரோ அவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தாள். அலுவலகத்தில் தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைக்கூட ஒரு வாரம் சந்தேகத்தோடு பார்த்தாள்.

நிறுத்தம் பதினொரு நிமிடத்தோடு முடிவதில்லை. நூற்று நாற்பது ஆமைகள் நடுவழியில் நின்று மறுபடி கிளம்பும்போது சந்திப்புகளில் முட்டிக்கொண்டு நெரிசலாகும். அது தெளிய முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குள் லாரிகள் வாசலில் வரிசை கட்டிவிடும். டைரக்டர் கவ்ரோன் அவளைக் கூப்பிட்டு இரண்டு வழிதான் என்று சொல்லியிருந்தார்.

"ஒண்ணு உன் நிரல்ல கோளாறு, இல்ல எவனோ வேணும்னு செய்யறான். நிரல்னா இரண்டாவது கிடங்கை உன்கிட்ட குடுக்க முடியாது. ஆள்னா பேரு வேணும். செவ்வாய்க்கிழமை அறிக்கை என் மேசைல இருக்கணும்."

இரண்டாவது கிடங்கு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. நானூறு ரோபோ. அதற்குத் தலைமைப் பொறியாளர். லிவியா ஒன்பது வருடமாக நடந்துவந்த பாதை அந்த வாசலில் போய்த்தான் முட்டியது.

அவள் போலிஷ் நகரமான வூச்சுக்கு வடக்கே, ஸ்கியெஷில் பிறந்தவள். அப்பா லாரி ஓட்டப் போய் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டார். அம்மா ஒரு பழைய கிடங்கில் கையால் பொருள் எடுப்பவள். தள்ளுவண்டியோடு ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் நடப்பாள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள்வாள். லிவியா அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கணக்குப் போட்டாள். குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். தானியங்கியல் வகுப்பில் நாற்பது பேர், அதில் மூன்று பெண்கள். வேலைக்கான நேர்காணலில், "ஏன் ரோபோ?" என்று கேட்டார்கள். "எங்கம்மா கால்," என்றாள். சிரித்தார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

முதல் வேலை தரையில் ஸ்டிக்கர் ஒட்டுவது. ஆமைக்கு வழி தெரிய வேண்டுமென்றால் தரையில் மீட்டருக்கு ஒன்றாகச் சதுரச் சீட்டு ஒட்ட வேண்டும், கோணம் ஒரு மயிரிழையும் மாறாமல். பதினோராயிரம் சீட்டு. இரண்டு மாதம் முட்டி போட்டுக்கொண்டு ஒட்டினாள். அப்போது போஜெனா வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்து, "முட்டிக்கு வெச்சுக்கோடி பொண்ணு, கல்யாணத்துக்கு முன்னாடியே நொண்டியாயிடாதே," என்று வீசினாள். மதியம் புளித்த மாவு சூப்பில் பாதியைத் தருவாள். அப்போதெல்லாம் 'பொண்ணு'தான். 'இன்ஜினியரம்மா' பிற்பாடு வந்தது.

அது எப்போது வந்தது என்று லிவியாவுக்குச் சரியாகத் தெரியும். ஆமைகளின் சந்திப்பு விதிகளை எழுதி முடித்த பிறகு, இருபத்தெட்டு வயதில், அவள் இடைவேளை அட்டவணை ஒன்றைப் போட்டாள். அதுவரை காலை பத்து மணிக்குக் கிடங்கு முழுக்கக் கால் மணி நேரம் நிற்கும். ஆமைக்குக் களைப்பில்லை, அது ஏன் நிற்க வேண்டும்? எட்டு நிலையத்துக்கும் ஒருவர் பின் ஒருவராக இடைவேளை கொடுத்தால், நிற்கும் நிலையத்தின் வேலையை மற்ற ஏழும் பங்கிட்டுக்கொள்ளும். கிடங்கின் வேகம் ஏழு சதவீதம் கூடியது. நிறுவனப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. அம்மா அதை வெட்டிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள். அந்த வாரம் உணவுக்கூடத்துக்குப் போனபோது அங்கே ஒரே ஒருத்திதான் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். லிவியாவைக் கண்டதும் அவளும் எழுந்து போய்விட்டாள்.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"அந்தோனி மாமாவுக்குப் பேசினியா?"

"எதுக்கு?"

"எதுக்கா? இன்னிக்கு அந்தோனியார் நாள். அவனுக்குப் பெயர் நாள். காலையிலேர்ந்து போன்கிட்டயே உக்காந்திருப்பான். படிச்சவளுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"அம்மா, இப்பல்லாம் பொறந்த நாள்தான் கொண்டாடறாங்க. பெயர் நாளெல்லாம் யாரு..."

"உங்க ஆபீஸ்ல கொண்டாட மாட்டீங்க. எங்க கிடங்குல ஒருத்திக்குப் பெயர் நாள்னா அவ கேக்கு செஞ்சு கொண்டுவரணும். கொண்டுவரலேன்னா வருஷம் பூரா பேசுவாங்க. ஜூன்ல வந்தா ஸ்ட்ராபெர்ரி போட்டு..."

லிவியாவுக்கு அம்மா அதற்குமேல் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. இன்று துணிக்கு அடியிலிருந்து வந்த வாசனை என்னவென்று அப்போதுதான் மூக்குக்கு உறைத்தது.

மாமாவுக்கு இரண்டு வரி வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புனிதர் பெயர் போட்ட நாட்காட்டியைத் திறந்தாள். ஏப்ரல் இருபத்து மூன்று, யெஷி. மே எட்டு, ஸ்தானிஸ்வாஃப். பதினைந்து, சோஃபியா. இருபத்திரண்டு, ஹெலெனா. ஜூன் பதின்மூன்று, அந்தோனி. காலை ஷிப்டின் ஆள் பட்டியலைப் பக்கத்தில் வைத்தாள். ஐந்து பெயரும் இருந்தன. மே இருபத்தொன்பதுக்கு உரிய பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அவளைக் கண்டு பயந்து அன்று யாரும் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. அன்று கொண்டாட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இத்தனை வருடம் இந்த மண்ணில் வளர்ந்தவள் தேதியை வெறும் எண்ணாகப் பார்த்திருக்கிறாள். தேதிக்குப் பெயர் உண்டு என்பதை மறக்கத்தான் படித்தோமோ என்று ஒரு கணம் தோன்றியது. அது வீண் யோசனை என்று உடனே தள்ளினாள். காரணம் கிடைத்துவிட்டது. இனி வேண்டியது ஆள்.

சனிக்கிழமை அலுவலகத்துக்குப் போனாள். கேமராக்கள் லாரி வாசல்களை மட்டும்தான் பார்த்தன. ஆட்கள் நிற்கும் இடத்தைப் பார்க்கக் கூடாதென்று தொழிற்சங்கம் எழுதி வாங்கியிருந்தது. ஆனால் நிலையங்களின் பதிவேடு இருந்தது. அலமாரி எப்போது வந்தது, எந்தத் தட்டில் கை நுழைந்தது, எவ்வளவு எடை குறைந்தது, எல்லாம் எண்களாக. அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டிடத்தில் அவள் ஒருத்திதான். முப்பது நாள் ஆனதும் அவை தானாக அழிந்துபோகும். கடைசி இரண்டு நிறுத்தங்களுக்கானவை மிச்சமிருந்தன.

இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்தாள். எட்டாம் நிலையம். இரண்டு முறையும் கை நுழைந்தது, எடை குறைந்தது, பொருள் பெட்டிக்கு வரவில்லை. இருபது நொடி கழித்து வேலிக்கு உள்ளே தரையில் கிடந்தது. எட்டாம் நிலையத்தில் நிற்பவள் சொலோமியா, லுவீவிலிருந்து வந்த உக்ரைன்காரி. ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலமாக வேலைக்கு வந்தவள். மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அவளுடைய பெயர் நாள் அந்த ஐந்தில் இல்லை. அவர்கள் நாட்காட்டியே வேறு.

லிவியாவுக்குச் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. நிரந்தர வேலையில் இருப்பவர்கள் கேக் தின்ன, நாளைக்கே போகக்கூடியவளை விட்டுப் பொருளைத் தள்ளிவிடச் செய்கிறார்களா? மாட்டினால் அவள் போகட்டும் என்றா?

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் போஜெனாவைக் காலணி மாற்றும் இடத்தில் பிடித்தாள்.

"எட்டாம் நிலையம்னு எனக்குத் தெரியும்."

போஜெனா ஒரு காலில் காலணியோடு நிமிர்ந்தாள். "அப்படியா? பெரிய படிப்புதான்."

"ஏன் அவ? நீங்க செஞ்சிருக்கலாமே. உங்களை யாரும் தொட முடியாது."

"எனக்கு நிலையமே கிடையாதே, எங்கேர்ந்து தள்ளுவேன்? எட்டாம் நிலையம் மூலைல இருக்கு, அங்க விழுந்தா நடந்து போய் எடுக்கத் தூரம் ஜாஸ்தி. அவதான் சொன்னா. நாங்க வேண்டாம்னோம்." காலணியைக் கழற்றிக் கீழே போட்டாள். "நம்ப மாட்டீங்க. நம்பாதீங்க. அறிக்கைல என் பேரை எழுதுங்க."

"பதிவேட்டுல எட்டுன்னு இருக்கு."

"அதைப் படிக்கறது நீங்கதானே? பதிவேடா வாயைத் திறந்து சொல்லப் போகுது?"

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஜனவரிலயே சொல்லியாச்சு. ஒரே ஒரு இடைவேளை எல்லாருக்கும் ஒண்ணா குடுங்கன்னு காகிதத்துல எழுதி, பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம். பதிலுக்கு ஒரு வரைபடம் வந்துச்சு. கீழ 'பரிந்துரைக்கப்படவில்லை'ன்னு. கையெழுத்து யாரோடது தெரியுமா?"

லிவியாவுக்குத் தெரியவில்லை. பிறகு மெல்ல ஞாபகம் வந்தது. ஜனவரியில் ஒரு நாள் நாற்பது கோரிக்கைகளுக்கு ஒரே மூச்சில் பதில் போட்டாள். கணக்குப் போட்டு, சதவீதம் பார்த்து, பெட்டியில் டிக் அடித்து. கோரிக்கையின் முதல் வரியைத் தாண்டிப் படித்ததாக நினைவில்லை.

"ஆமை வந்தப்புறம் கால் வலி போச்சு," என்றாள் போஜெனா. "பொய் சொல்லக் கூடாது, போச்சு. ஆனா எட்டு மணி நேரத்துல வாயைத் திறக்க ஒரு ஆள் பக்கத்துல இல்ல. சோஃபியாவுக்குப் பேரன் பொறந்ததை எனக்கு ஃபேஸ்புக்ல பாத்துத்தான் தெரியும். அவ தினமும் என் கண்ணெதிரதான் நிக்கிறா." பையைத் தோளில் மாட்டினாள். "சொலோமியா வந்த புதுசுல ஒருத்தர் பேரும் தெரியாம நாலு மாசம் நின்னா. கேக்கு தின்ன அன்னிக்குத்தான் எங்க பேரெல்லாம் கத்துக்கிட்டா. அதனாலதான் அவ தள்ளினா. போங்க, போய் எழுதுங்க. இரண்டாவது கிடங்கு உங்களுக்குன்னு எல்லாருக்கும் தெரியும்."

அன்று வீட்டில் லிவியா அறிக்கையை இரண்டு விதமாக எழுதினாள். முதல் அறிக்கையில் நிலைய எண் இருந்தது. ஆள் பெயர்கூடத் தேவையில்லை, ஓர் எண் போதும். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைப் படித்துப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. உண்மை என்பதற்காக எழுதுகிறேனா, அந்த இரண்டாவது கிடங்குக்காக எழுதுகிறேனா? எண்ணை எழுதாமல் விட்டால் மட்டும்? நல்லவள் என்று போஜெனா சொல்வதற்காகவா? சொலோமியாவின் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. முதல் அறிக்கையை அழித்தாள்.

செவ்வாய்க்கிழமை கவ்ரோன் அறிக்கையை நின்றபடியே படித்தார். இரண்டு பக்கம்தான். ஐந்து நிறுத்தமும் பெயர் நாட்களில் நடந்தவை. காரணம், ஊழியர்கள் ஒன்றாகச் சேர வேறு நேரமே இல்லாத இடைவேளை அட்டவணை. ஜனவரியில் வந்த கோரிக்கை சரியாகப் படிக்கப்படாமல் தள்ளப்பட்டது. திட்டமிட்டு நிறுத்தினால் ஆமைகள் சந்திப்புக்கு வெளியே போய் நிற்கும், நெரிசல் வராது, தினமும் பன்னிரண்டு நிமிடம் பொது இடைவேளை கொடுத்தாலும் வேகத்தில் நாலு சதவீதம் மிஞ்சும். கடைசி வரி: அட்டவணையை வடிவமைத்தவரும் கோரிக்கையை நிராகரித்தவரும் லிவியா குபியாக்.

"ஆள் யாரு?"

"எட்டுப் பேரும்."

"எட்டுப் பேரையும் அனுப்ப முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே சொல்றே."

"ஆமா சார்."

"சனிக்கிழமை நீ ஆபீசுக்கு வந்திருக்கே. இரண்டு மணி நேரம் பதிவேட்டைத் திறந்து வெச்சிருக்கே. எனக்கும் சில பதிவேடு படிக்கத் தெரியும்." கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு எண் தெரியும்."

"தெரியும். சொல்ல மாட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். "உங்கம்மா பொருள் எடுக்கற வேலைதானே பாத்தாங்க?"

"பதினாறு வருஷம்."

"அதான்."

அந்த 'அதான்' அவளுக்கு நாள் முழுக்கக் காதில் கேட்டது. மறுப்பதா ஒப்புக்கொள்வதா என்று அவளுக்கே விளங்கவில்லை. பொது இடைவேளையை அவர் சோதனையாக ஜூலை மாதம் மட்டும் அனுமதித்தார். அவருக்கு நெரிசல் நின்றால் போதும். இரண்டாவது கிடங்கு போஸ்னானிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று.

ஜூலை ஒன்றாம் தேதி பத்து மணிக்கு ஆமைகள் சந்திப்புகளை விட்டு ஒதுங்கி, வரிசையாக நின்றன. எட்டு நிலையத்திலும் ஒருவரும் அசையவில்லை. பொறி என்று நினைத்தார்கள். நாலு நிமிடம் போயிற்று. பிறகு போஜெனா, "சரி, மாட்டினா எல்லாரும் சேந்தே மாட்டுவோம்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாலாம் நிலையத்துக்கு நடந்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். யெஷி மட்டும் மேலே தொங்கும், கை நுழைவதைக் கண்காணிக்கும் உணரியை அண்ணாந்து பார்த்து அதன்மேல் தன் தொப்பியை மாட்டினான்.

லிவியா அங்கே போனாள். பேச்சு நின்றது.

சொலோமியா நேராகக் கேட்டாள். அவள் போலிஷ் இன்னும் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. "என் எண்ணை அவர்கிட்ட குடுத்தீங்களா?"

"இல்ல."

"ஜூலைக்கு ஒப்பந்தம் வந்திருக்கு. ஆனா அது முன்னாடியே அச்சடிச்சது. ஆகஸ்டுக்கு வந்தாத்தான் தெரியும்."

லிவியா போனில் அறிக்கையைத் திறந்து நீட்டினாள். சொலோமியா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். போஜெனாவிடம் கொடுத்தாள். போஜெனா சோஃபியாவிடம் கொடுத்தாள். போன் எட்டுக் கை மாறித் திரும்பி வந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள் சோஃபியா. "இது எங்களுக்குக் காட்டறதுக்கு. அவருக்கு அனுப்பினது எங்க?"

"இதான் அனுப்பினது."

"இருக்கலாம்," என்றாள் போஜெனா. அவள் குரலில் கேலியும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. "நிமிஷம் ஆவுது, தின்னுங்க எல்லாரும்."

யாரும் லிவியாவைப் போகச் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. அவள் போய்விட்டாள்.

அந்த மாதம் முழுக்க எதுவும் விழவில்லை. கவ்ரோன் கேட்கும்போதெல்லாம் அவள் எண்களைக் காட்டினாள். அவர் தலையசைத்தார். ஆனால் ஒரு நாள் ஏஜென்சிக்காரர் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைக் கண்டதும் லிவியா அந்தக் கதவு வரை போய்த் திரும்பினாள். எண்ணை அவர் வேறு யாரிடமாவது வாங்கியிருப்பாரோ? கேட்டால் அதுவே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். கேட்கவில்லை.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கே திரைமுன் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்று, மூன்று, இரண்டு, நாலு, ஆறு, ஐந்து. ஏழும் எட்டும் மட்டும் இருண்டே இருந்தன. ஆறு மணி ஒன்று. ஏழாம் நிலையம் திறந்தது. ஆறு மணி மூன்றுக்கு எட்டும் பச்சையானது.

அதுவும் அவளுக்குப் போதவில்லை. ஒரு அட்டையை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் நிலையத்தைத் திறக்கலாம். புது ஆளாக இருந்தால்? இரும்புப் படியிறங்கி, காலணி மாட்டி, வேலியோரம் நடந்தாள். ஒன்றாம் நிலையம், இரண்டாம் நிலையம். ஸ்தானிஸ்வாஃப் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பெட்டியைப் பார்த்தான். சோஃபியா பார்க்கவேயில்லை. மூலை வரைக்கும் போனாள்.

சொலோமியா அலமாரியில் கை விட்டபடி திரும்பினாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. பஸ் தாமதமாகி ஓடி வந்திருக்கிறாள்.

"என்ன இன்ஜினியரம்மா, ஆள் எண்ண வந்தீங்களா?"

"ஆமா."

"எத்தனை?"

"எட்டு," என்றாள் லிவியா.